மூன்றாவது கோப்பை

போஸ்னியாவில் ஒரு சின்ன ஊருக்குள் நுழையும் பாலத்தின் மேல், பனியைக் காலால் ஒதுக்கிவிட்டு, ஷெம்ஸா கேஸ் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

முன்னால் மூன்று டிராக்டர்களும் பதினாலு ஆண்களும். பின்னால் இன்ஜின் அணைந்து நின்ற பஸ். அதற்குள், ஈராக்கின் சிஞ்சார் மலைப் படுகொலையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த முப்பத்தொரு யாசிதி இன அகதிகள்.

நாலு மணிக்குள் வழி கிடைக்காவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதாக டிரைவர் சொல்லியிருந்தார். போனால் காட்டோரக் கூடாரம்தான். இந்தக் குளிரில் கைக்குழந்தைகள் அங்கே எத்தனை நாள் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தை இவர்களுக்குத் தரச் சொல்லி தொண்ணூறுகளின் போரில் சொந்தங்களைப் படுகொலைக்குக் கொடுத்த ஷெம்ஸாவும் இன்னும் ஐந்து பெண்களும் பதினோரு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். 'எங்களுக்கு நடந்தது இன்னொரு இனத்துக்கு நடக்க வேண்டாம்' என்று எழுதிய துணியைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் சதுக்கத்தில் நின்றார்கள். நகரசபை ஒருவழியாகச் சரி என்றது. ஊர் ஆண்களில் சிலர் முடியாது என்று டிராக்டரைக் கொண்டுவந்து குறுக்கே போட்டுவிட்டார்கள்.

நடு டிராக்டரின் மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவன் எல்வெதின். ஷெம்ஸாவின் ஒரே பிள்ளை.

வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கூச்சல் போட்டுப் பயனில்லை என்பது அவள் கட்சி. அதனால்தான் காபி.

போஸ்னியாவில் பிறந்தவன் எவ்வளவு முரடனாக இருந்தாலும் நீட்டிய காபியைத் தள்ளமாட்டான். முதல் கோப்பை, வா என்பதற்கு. இரண்டாவது, பேசுவதற்கு. மூன்றாவது வந்துவிட்டால், கிளம்பு என்று அர்த்தம். குடித்துவிட்டு மரியாதையாகக் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சுற்று வந்தது. பதினாலு பேரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது சுற்றில் சர்க்கரைக் கட்டியைக் காபியில் தொட்டுக் கடித்தபடி வாயைத் திறந்தார்கள். நமக்கே வேலையில்லை என்றார் ஒருவர். இவர்கள் யாரென்று யாருக்குத் தெரியும் என்றார் இன்னொருவர். ஷெம்ஸா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுத்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.

மூன்றாவது சுற்றைத் தட்டில் அடுக்கி ஃபிக்ரெதா எடுத்துப் போனாள். பெண்களில் இளையவள், நல்ல மனசுக்காரி, கொஞ்சம் படபடப்பு.

எல்வெதின் தன் காலிக் கோப்பையை உள்ளங்கையால் மூடினான்.

"மூணாவது வேணாம்மா. உன் வேலை எனக்குத் தெரியாதா?"

ஆண்கள் சிரித்தார்கள். பதினாலு கோப்பைகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஃபிக்ரெதா தட்டோடு திகைத்து நின்றாள். ஊற்றிய காபி வீணாக ஆறுகிறதே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. குளிரில் விறைத்துப்போயிருந்த டிரைவரிடம் ஒரு கோப்பையைக் கொண்டுபோய் நீட்டினாள்.

டிரைவரும் போஸ்னியாக்காரர்தான். முதல் இரண்டு சுற்றிலும் அவருக்கும் கொடுத்திருந்தார்கள்.

மூன்றாவதை அவர் ஒரே மடக்கில் குடித்தார். வருத்தத்தோடு தலையசைத்துக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். இன்ஜினை முடுக்கினார்.

ஃபிக்ரெதா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கத்தியது இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பாலத்தில் திருப்ப இடமில்லை. பஸ் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. ஜன்னலில் ஒட்டியிருந்த முகங்களும் அதோடு நகர்ந்தன.

டிராக்டர் பக்கம் கைதட்டல் எழுந்தது.

ஷெம்ஸா ஓடினாள். அறுபது வயதில் பனியில் எப்படி ஓட முடியுமோ அப்படி ஓடினாள். பஸ்ஸின் பக்கவாட்டைத் தாண்டி, அதன் முதுகுக்குப் பின்னால் போய், நடுரோட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

டிரைவருக்கு அவள் தெரியவில்லை. ஜெயித்த குஷியில் மற்றவர்களும் கவனிக்கவில்லை. ஒருவன் மட்டும் அவள் போனதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிராக்டரிலிருந்து குதித்து ஓடிவந்து, எல்வெதின் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு கைகளாலும் அறைந்தான். அவன் போட்ட கத்தலில் பஸ் நின்றது. அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

திட்டிக்கொண்டே அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"நானும் இப்படி ஒரு பஸ்ஸுலதான்டா இந்த ஊருக்கு வந்தேன். நிறைமாசம். உங்கப்பாவ அதுக்கு முந்தின வாரந்தான் கொண்டுபோனாங்க. அன்னிக்கு யாரும் ரோட்ட மறிக்கல. நீ ஆஸ்பத்திரியில பொறந்தேன்னு உன்கிட்ட சொன்னது பொய். நீ பொறந்தது எங்கள தங்க வச்ச அந்த ஸ்கூல்ல."

ஊரில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். யாரும் அதைப் பேசுவதில்லை. அகதிப் பிள்ளை என்று எவனும் அவனைக் கூப்பிட்டுவிடக் கூடாதென்று ஷெம்ஸா ஒரு ஆஸ்பத்திரியையே கற்பனை செய்து வைத்திருந்தாள். மாடி, வராண்டா, வெள்ளைத் திரைச்சீலை, எல்லாம் சேர்த்து.

எல்வெதின் நிமிர்ந்து பஸ் ஜன்னலில் ஒட்டியிருந்த முகங்களைப் பார்த்தான். பனி அவன் தோளில் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு டிராக்டர்களைப் பார்த்துக் கையை வீசினான். எடுங்கடா என்ற வீச்சு. ஒருவர் ஏனென்று கேட்டார். அவன் மறுபடியும் கையை வீசினான். ஆண்கள் கொஞ்ச நேரம் அவனை முறைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வண்டியாக ஓரம் கட்டினார்கள்.

அம்மாவின் பாவாடையிலிருந்த பனியைத் தட்டிவிட்டான்.

"எந்த ரூம்?"

"மூணாங்கிளாஸ். ஜன்னலோரம்."

அந்த ஜன்னலோரத்தில்தான், எட்டு வயதில், ஒரு வருடம் முழுக்க அவன் உட்கார்ந்து படித்தான்.