கேட்டால் மட்டும் பேசு

ஐந்தரைக்கு மணி அடித்தது. சண்முகவள்ளி எழுந்தாள், குளித்தாள், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையைக் கட்டினாள், தொப்பியைக் குத்திக்கொண்டாள். ஆறு மணிக்குப் பெண்கள் வார்டில் நின்றாள். பின்னால் தட்டை ஏந்திக்கொண்டு பூமயில் நின்றாள்.

சண்முகவள்ளி நர்சிங் பள்ளியில் மூன்றாம் வருஷம். பூமயில் முதல் வருஷம், பரமக்குடிக்கு மேற்கே ஏதோ மானாவாரிக் கிராமம். அவள் வந்த அன்றே சண்முகவள்ளி ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஜூனியர் தானாக வாயைத் திறக்கக் கூடாது. கேட்டால் மட்டும் பேச வேண்டும்.

"ஏன்டி, ஆட்டுக் கொட்டத்துலருந்தா எந்திரிச்சு வர்ற? புழுக்கை வாடை அடிக்குது."

விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பூமயில் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் கட்டிலில் சல்மா. கீழக்கரைப் பெண், பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் காய்ச்சல். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பெனிசிலின் ஊசி. மருந்து மேசையில் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து, மருந்துத் தூளில் கலந்து, சிரிஞ்சில் ஏற்றினாள் சண்முகவள்ளி. உப்புக் காற்றில் புட்டிகளின் லேபிள் உரிந்துபோய் ஒரு வாரமாகிறது. இடத்தை வைத்துத்தான் எது எது என்று எடுப்பது.

"அக்கா, அது..."

"ஒன்னைய யாரு கேட்டா?"

"இல்லக்கா..."

"வாய மூடிக்கிட்டுத் தட்ட எடுத்துட்டு வா."

சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். மறைப்பை இழுத்துவிட்டுச் சல்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தட்டு வரவில்லை. எட்டிப் பார்த்தால், பூமயில் மேசையோடு ஒட்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நாலு எட்டு வைக்க இம்புட்டு நேரமா? ஆடு மேய்ச்ச நடை போகுதா பாரு."

பூமயில் ஓடிவந்து தட்டை நீட்டினாள். சண்முகவள்ளி ஊசியைப் போட்டாள்.

ஏழு மணிக்கு மேசையைத் துடைக்கும்போது அதே புட்டியிலிருந்து கொஞ்சம் கையில் சிந்தியது. நகக்கண்ணில் ஒரு கீறல். தீயை வைத்ததுபோல் எரிந்தது.

முகர்ந்து பார்த்தாள். தண்ணீர் இல்லை. தோல் துடைக்கிற ஸ்பிரிட்.

எட்டாம் கட்டிலுக்கு ஓடினாள். சல்மாவின் நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. நாடியைப் பிடித்தாள். மூன்று தடவை எண்ணத் தொடங்கி மூன்று தடவையும் எண்ணிக்கை தவறியது.

"சல்மா. ஏ சல்மா."

கண் திறக்கவில்லை.

வராந்தாவில் சல்மாவின் புருஷன் சுஐபு தூக்குச் சட்டியோடு நின்றிருந்தார். "கஞ்சி கொண்டாந்திருக்கேம்மா. எப்படி இருக்கா?"

சண்முகவள்ளி "வார்டு சிஸ்டர் வருவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். போலீஸ் வரும். மண்டபம் ரயிலடியில் கொடி காட்டும் அய்யா, இறங்குகிறவர்களிடமெல்லாம் 'எம் மக நர்சுக்குப் படிக்கிது' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த வாயால் நாளைக்கு என்ன சொல்வார்?

ஆயா வந்தாள். "சிஸ்டர் கூப்புடுறாக. ஒன்னையும் அந்தப் புதுப் புள்ளையையும்."

சிஸ்டரின் அறைக்குப் போகும் வழியில் பூமயில் பக்கத்தில் வந்தாள். சண்முகவள்ளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தப்பித்தார்கள். அது ஒன்றுதான் புத்தியில் நின்றது.

சிஸ்டரின் மேசைமேல் மருந்துப் பெட்டி திறந்திருந்தது.

"சண்முகவள்ளி, ஆறு மணி ஊசிக்கு..."

"நான் இல்ல சிஸ்டர். இவதான் தண்ணிப் புட்டி இருக்குற எடத்துல ஸ்பிரிட்ட வச்சுட்டா. எனக்குத் தெரியாது. தண்ணின்னு நெனச்சுத்தான் கலந்தேன். சல்மாவுக்கு ஏதாச்சும் ஆனா இவதான் சிஸ்டர் பொறுப்பு."

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பெட்டியில பெனிசிலின் குப்பி ஒண்ணு குறையுது. அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன். சல்மாவை இப்பத்தான் பாத்துட்டு வாரேன். காய்ச்சல் விட்டு, வேர்த்து, நிம்மதியாத் தூங்குறா." நிமிர்ந்து பார்த்தார். "நீ என்ன சொன்ன? ஊசியில ஸ்பிரிட்டா?"

சிஸ்டர் பூமயிலின் பக்கம் திரும்பினார்.

"பூமயில், நீ சொல்லு."

பூமயில் சிஸ்டரைப் பார்க்கவில்லை. சண்முகவள்ளியைப் பார்த்தாள். உத்தரவு வரட்டும் என்று நின்றாள்.

"சொல்லுடி" என்றாள் சண்முகவள்ளி.

"அக்கா கலந்தத அங்கனயே கொட்டிட்டேன் சிஸ்டர். அக்கா போட்டது, இன்னொரு குப்பியில நான் கலந்து வச்ச ஊசி."