மூன்று கதவுகள்

உத்திரமேரூரில் டிங்கர் வேலை செய்யும் தாண்டவராயனிடம் பார்வதி தன் கணவரின் பழைய அம்பாசடரைச் சீர்செய்ய விட்டிருந்தாள். தங்கவேலு இறந்து ஆறு வருஷமாகிறது. ஓட்டும்போதே வெற்றிலை எச்சிலை ஜன்னல் வழியாகத் துப்புவது அவர் பழக்கம். கதவில் வழிந்ததை முப்பது வருஷம் தினமும் துடைத்தவள் பார்வதி.

"பழைய கதவையே தட்டி எடுத்துக்கலாம்மா. நல்ல தகடு."

"வேணாம்பா. அத்தப் பாத்தாலே கொமட்டுது. புச்சா போடு."

அதே அச்சில் புதிதாக அடித்த டிரைவர் பக்கக் கதவுகளை மூன்று ஊர்களிலிருந்து வரவழைத்து, அவள் முன்னால் பிரித்தான். முதல் கதவில், ஜன்னலுக்குக் கீழே சிவப்பாக ஏதோ வழிந்திருந்தது.

"துருவா?"

தொட்டு, விரலை மோந்தான். "ஈரமா கீதும்மா. வெத்தல நாத்தம்."

இரண்டாவதிலும் அப்படியே வழிந்திருந்தது. அதில் ஒரு பாக்குத் துணுக்கும் ஒட்டியிருந்தது. பார்வதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது சுத்தமாக இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதே இருக்கட்டும்" என்றாள்.

தாண்டவராயன் அதைத் தூக்கி வண்டியில் பொருத்திப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆளில்லாத சீட்டிலிருந்து யாரோ தொண்டையைக் காறும் சத்தம் கேட்டது.

பார்வதி சட்டென்று இரண்டடி தள்ளி நின்றாள். பழக்கமில்லாத தாண்டவராயன், ஜன்னலுக்கு நேராகக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.