மகனின் நாற்காலி

பெரிய நோய் வந்திருப்பதை நோயாளியிடமே எப்படிச் சொல்வது என்று குடும்ப மருத்துவர்களுக்கு அன்று பயிற்சி. நோயாளியாக நடிக்க நாடகக்காரி பூங்கோதை வந்திருந்தாள். அவள் மகனாக நடிக்க ஓர் இளைஞன். காலையிலிருந்து வந்த டாக்டர்கள் எல்லோரும் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவன் பக்கம் திரும்பித்தான் புற்றுநோய் என்றார்கள். "அம்மாவுக்கு இப்பத் தெரிய வேணாம் தம்பி" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். தனக்கு இல்லாத நோயை யாரும் தன்னிடம் சொல்லாததில் பூங்கோதைக்கு உடம்பெல்லாம் வலித்தது. சாயங்காலம் பயிற்சியாளர் சலித்துப்போய் மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்து வந்தவர் டாக்டர் சற்குணம். காலி நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு அதன் பக்கமே குனிந்து, குரலைத் தாழ்த்தி, "கட்டி பரவியிருக்கு தம்பி" என்றார். பூங்கோதை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க டாக்டர், எனக்கு என்னாச்சு?"

அவர் முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தார். அவள் விட்டுவந்த இடத்தைச் சாடையாகக் காட்டி மெதுவாகச் சொன்னார்:

"மொதல்ல அம்மாவ வெளிய உக்காரச் சொல்லுங்க."