நீலத்திரை

காலையிலிருந்து நாற்பது வரியாவது தட்டியிருப்பாள். திரையில் ஒன்றுகூட மிச்சமில்லை.

மாலை நான்கு மணிக்குள் தொடர்கதையின் கடைசி அத்தியாயம் போயாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் வேறொருவருக்கு என்று ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். கதாநாயகியோ ஒரு வாரமாக மாடிப்படியில் பாதியில் நிற்கிறாள்.

பதினேழு நாவல் எழுதிய கைதான். எல்லாமே நீலத்திரையில் வெள்ளை எழுத்து ஓடும் ஒரு பழைய மென்பொருளில். கம்ப்யூட்டரை முதன்முதலில் தொட்டபோது இருந்தது அதுதான், அதையே பிடித்துக்கொண்டாள். புதிது புதிதாக எத்தனை வந்தும் மசியவில்லை. அந்த நீலத்தில்தான் தனக்குக் கதை வரும் என்று பேட்டிகளில் மார்தட்டிக்கொள்வாள்.

அந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு ராசியும் உண்டு. இதுவரை மூன்று மாற்றியாகிவிட்டது. மூன்றிலும் வாங்கிய ஒரு மாதத்துக்குள் பேக்ஸ்பேஸ் விசை மட்டும் செத்துப்போனது. அழிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆகவே தட்டியது தட்டியதுதான், பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள். மிச்சத்தைப் பதிப்பகத்தார் பார்த்துக்கொள்வார்கள். வாசலில் ரிப்பேர் கடை வைத்து ஊரார் மிக்ஸியையெல்லாம் பிழைக்கவைக்கும் அவள் கணவர், இந்த ஒரு விசைக்கு மட்டும் உதட்டைப் பிதுக்குவார்.

பத்து நாளைக்கு முன் மூன்றாவதும் மண்டையைப் போட்டது. மகள் லேப்டாப் வாங்கித் தந்தாள். அம்மாவின் பிடிவாதம் தெரிந்தவள், அந்தப் பழைய மென்பொருளையே எங்கோ தேடிப்பிடித்து அதில் ஏற்றியும் கொடுத்தாள்.

அதே நீலம். அதே வெள்ளை எழுத்து. கதைதான் வரவில்லை.

ஒரு வரி தட்டுவாள், நொட்டை சொல்வாள், அழிப்பாள். விசை அத்தனை இதமாக அமுங்கியது.

மதியம் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கையிலிருந்த சரக்கு தீர்ந்துவிட்டது, இனி நான் எழுத்தாளரே இல்லை என்று பயந்துபோனாள்.

சாப்பிட வந்த கணவர் வெற்றுத் திரையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பேக்ஸ்பேஸின் மூலையில் செருகி ஒரே நெம்பு. விசை கையோடு வந்தது. அடியிலிருந்த ரப்பரையும் கிள்ளி எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

சண்டை போட நேரமில்லை. ஒரு வரி தட்டினாள். சுமார்தான். அழிக்கப் போன விரலுக்கு வெறும் பள்ளம்தான் கிடைத்தது. எக்கேடோ கெடட்டும் என்று அடுத்த வரிக்குப் போனாள். அதற்கும் அடுத்த வரியில் கதாநாயகி படியிறங்கத் தொடங்கிவிட்டாள்.

மூன்றே முக்காலுக்கு அத்தியாயம் போய்ச் சேர்ந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சொல்வதற்காகக் கடைக்கு ஓடியவளுக்கு, வாசலில்தான் ஒன்று உறைத்தது.

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள கழட்டிட்டீங்களே, எங்க பழகினீங்க?"

அவர் கையிலிருந்த மிக்ஸியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"உன் முதல் கம்ப்யூட்டர்ல அரை நாள் ஆச்சு. மூணாவதுல கை பழகிடுச்சு."