வாசலில் நின்ற சீர்

"இந்தச் சீரை நான் வாங்கிக்கிறதா இல்லைங்க. அப்படியே திருப்பிக் கொண்டு போங்க."

தலைமை ஆசிரியை ஷர்லி கேட்டை மறித்து நின்றதும் மேளம் பாதியில் நின்றது. இலுப்பூர் பக்கத்து அந்தச் சின்ன ஊர், தன் அரசு தொடக்கப் பள்ளிக்குத் தாய்மாமன் கணக்காகக் கல்விச் சீர் கொண்டுவந்திருந்தது. பீரோ, இரண்டு ஃபேன், சுவர்க் கடிகாரம், பழத்தட்டுகள் என்று வாசலில் ஒரு கல்யாணமே நின்றது.

"மானத்தை வாங்காதீங்க டீச்சர்," என்றார் முன்னால் வந்த ரெங்கசாமி. "பீரோவுல ஏதும் குறையா?"

"பீரோவுல ஒரு குறையும் இல்லைங்கய்யா. தட்டு தூக்கிட்டு வந்தவங்க புள்ளைங்கல்லாம் எங்க படிக்குதுங்க? டவுன் ஸ்கூல்ல. சீர் மட்டும் இங்கிட்டு வருது, புள்ளைங்க அங்கிட்டுப் போகுது."

தட்டு தூக்கியவர்கள் எல்லோரும் அவரவர் பழங்களை அக்கறையாகப் பார்த்தார்கள்.

"இங்க இருக்கது அம்பத்தெட்டு புள்ளைங்க. இந்த வாரத்துக்குள்ள அறுபத்தொண்ணு காட்டலைன்னா மூணாவது டீச்சர் போஸ்ட் போயிரும். கார்த்திகா டீச்சரைக் கட்டுமாவடிப் பக்கம் மாத்திருவாங்க. அப்பறம் அஞ்சு கிளாஸுக்கு ரெண்டே பேரு. நான் வகுத்தல் நடத்துறப்ப பக்கத்துலயே ஒண்ணாங்கிளாஸ் பாட்டுப் பாடும். ஃபேன் காத்துல படிப்பு வந்துருமா?"

கார்த்திகா வந்த பிறகுதான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறாமல் வாசிக்கிறார்கள்.

பிரகதீஸ்வரி தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் பிள்ளைகள் இரண்டும் டவுன் ஸ்கூல்தான். "அங்க இங்கிலீஷ் மீடியம், டீச்சர். வேன் வாசலுக்கே வருது."

"வருது, ஏழு அம்பதுக்கு. ஒரு நிமிஷம் லேட்டானாலும் தெருவே முழிச்சுக்குற மாதிரி ஹாரன் அடிப்பான். டைக்குத் தனிக் காசு, டைரிக்குத் தனிக் காசு. சாயங்காலம் புள்ள அசந்து தூங்கிரும், ஹோம்வொர்க்கை நம்மதான் ஒக்காந்து எழுதணும். மறுநாள் அதுக்கு ஒரு ஸ்டார் வேற போட்டு அனுப்புவாங்க."

"ஆத்தாடி! எங்க வீட்டுக்குள்ள பூந்து பாத்த மாதிரில்ல சொல்றீங்க! போன மாசம் மட்டும் நான் நாலு ஸ்டார் வாங்கிருக்கேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஷர்லி மட்டும் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"சரி டீச்சர், எம்புள்ளைங்க ரெண்டையும் எழுதிக்கங்க. ஆனா கார்த்திகா டீச்சர் இங்கதான் இருக்கணும்," என்றாள் பிரகதீஸ்வரி.

அறுபது! மேளக்காரர் தன்னையறியாமல் ஒரு தட்டு தட்டினார்.

இன்னும் ஒன்றுதான். ஆனால் ஒருவர் வருஷ ஃபீஸ் கட்டிவிட்டாராம், இன்னொருவருக்கு மாமியாரைக் கேட்க வேண்டுமாம். ரெங்கசாமி சுற்றிச் சுற்றிப் பார்த்து ஓய்ந்துபோனார்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசாயிருச்சு. இல்லைன்னா நானே ஒண்ணாங்கிளாஸ்ல ஒக்காந்துருவேன்," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுதானே டீச்சர், சும்மா ஒரு பேரை எழுதிக்கிட்டா என்ன?"

"பொய்ப் பேரு வேணாங்கய்யா."

ஜன்னல் வழியே கார்த்திகாவின் வகுப்பு தெரிந்தது. ஷர்லி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டை அகலத் திறந்துவிட்டாள்.

"சீர் உள்ள வரட்டும். அந்த ஒண்ணை நான் கொண்டாரேன்."

"யாரு வீட்டுப் புள்ள டீச்சர்?" என்று கேட்டார் ரெங்கசாமி.

மேளம் மறுபடி முழங்கியது. ஷர்லி வேப்பமரத்தடிக்குப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் பேசினாள்.

"வேன் டிரைவருங்களா? திருக்கோகர்ணம் ஷர்லி பேசுறேன். நாளைலேருந்து எங்க வீட்டு வாசல்ல ஹாரன் அடிக்க வேணாம் தம்பி. பாப்பா இனிமே எங்கூடவே எங்க ஸ்கூலுக்கு வந்துருவா."