துணைக்கு வந்தவர்

"துணைக்கு வர்றவங்க பதிவு ஏறலைன்னா, உங்க பதிவும் சேர்ந்தே ரத்தாயிடும் சார். சிஸ்டம் அப்படித்தான்," என்றாள் மருத்துவமனைப் பதிவுப் பிரிவுப் பெண்.

மறுநாள் அறுவை சிகிச்சைக்கு வந்திருந்த தையல்காரர், தெரிந்த மூன்று பேரின் எண்களைக் கொடுத்தார். மூவரும் போனில் மறுத்துவிட்டார்கள். மூன்று முறையும் அவர் பெயரும் திரையிலிருந்து மறைந்தது.

"ஊசி நூல் குடுங்கம்மா. நானே தச்சுக்கறேன்."

அவள் சிரித்தபடி, துணையின் கட்டத்தை வெறுமையாக விட்டு விசையைத் தட்டினாள். பதிவு ஏறிவிட்டது. வெறுமையாக விட்ட கட்டம் திரையில் தானாகவே நிரம்பியிருந்தது.

துணைக்கு வந்தவர்: தங்கை. வந்த நேரம்: அவர் வந்த அதே நிமிடம்.

"தங்கச்சி வந்திருக்காங்களா சார்?"

"எனக்குக் கூடப்பிறந்தவங்களே இல்லம்மா."

அவள் விரல் ரத்து விசைக்குப் போனது. தையல்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அத மட்டும் அழிச்சிடாதீங்கம்மா."