வெள்ளிக்கிழமைப் புண்ணியம்

செத்துக்கிடந்த காட்டுச் சுண்டெலியின் முதுகை ஆராய்ச்சிக்கு வந்திருந்த வளர்மதி பேன்சீப்பால் வாரினாள். வெள்ளைத்தாளில் தெள்ளுப்பூச்சிகள் உதிர்ந்தன.

“இது காட்டுப் பூச்சி இல்லண்ணே. ஊரெலியோடது. நோயும் கூடவே வந்திருக்கு. இனி இந்தச் சுண்டெலில ஒண்ணுகூட மிஞ்சாது.”

உடன் வந்திருந்த வனக்காவலர் மாசானம் ஓரடி பின்வாங்கினார். ரேஷன் லாரியோடு மலையேறிய எலிகள் அவர் வீட்டுப் பொறியில்தான் விழும். மற்ற நாளென்றால் வாளித் தண்ணீரில் முக்கிவிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் மனைவி விடமாட்டாள்: “வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு உசிரைக் கொல்லாதீங்க. காட்டுல விட்டுட்டு வாங்க, பொழச்சுப் போகட்டும்.”

ஆறு வருடமாகச் சேர்த்த புண்ணியம்.

“இவ்வளவு உள்ளார ஊரெலி எப்படிண்ணே வந்திருக்கும்?”

மாசானம் கையிலிருந்த காலிப் பொறியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதன் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.